ஊதாமல் சாவி கிடையாது

ட்ரெய்லர் லைனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம்ம சங்கத்தில் என்னைக் கேட்டார்கள். கேட்டதில் ஆச்சரியம் இல்லை. வேறு யாரைக் கேட்பார்கள்? ஐந்தாம் வகுப்பு பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ராயபுரத்தில் லாரி க்ளீனராக ஏறி, டிரைவராகி, ஓட்டை உடைசல் வண்டி ஒன்றை வாங்கி, இன்றைக்கு எர்ணாவூர் யார்டில் பதினாலு ட்ரெய்லர் நிற்கிறது. அதில் ஒரு டயர்கூட அப்பன் சொத்து கிடையாது. நாற்பதடி கண்டெய்னரோடு, இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் இடம் விட்டு ஒரே ரிவர்ஸில் சொருகுவேன். நான் இரண்டாவது தடவை முன்னே எடுத்ததைப் பார்த்தவன் இருந்தால் வந்து சொல்லட்டும், பிரியாணி வாங்கித் தருகிறேன்.

வண்டி ஓட்டுவது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்களுக்கு ஆள் இருக்கிறது. நான் சொல்லப் போவது ஒரே ஒரு காலைப்பொழுது. எட்டு மணிக்கு ஆரம்பித்து மதியம் ஒரு மணிக்கு முடிந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து நின்றுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் எங்கள் காலம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் என்னை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள்.

எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் வண்டி ஏறும் முன்னால் ஒரு கட்டிங் பிராந்தி போடுவார். கடைசிச் சொட்டை முன் டயரில் விடுவார். "அதுக்கும் தாகமா இருக்கும்டா" என்பார். சரக்கு இறக்கும் இடத்தில் பார்ட்டியே பாட்டில் கொடுப்பான். "டிரைவர கவனிச்சாச்சா?" என்று கேட்டால் அதற்கு அதுதான் அர்த்தம். போடாமல் ஓட்டுகிறவனைப் பார்த்தால் எங்களுக்குப் பயம். இவன் எப்படி ராத்திரி முழுக்க முழித்திருப்பான் என்று நினைப்போம். போலீஸ்காரர் நிறுத்தினால் வாசனை பிடித்துவிட்டு, "பாத்து போப்பா" என்று அனுப்பிவிடுவார். எவனாவது எங்கேயாவது மோதிச் செத்தால், சாவு வீட்டில் ஒரே பேச்சுத்தான்: பிரேக் பிடிக்கல. இந்த எண்ணூர் ரோட்டில் பாவம் அந்தப் பிரேக் எத்தனை பேர் பழியைச் சுமந்திருக்கும் தெரியுமா?

இப்போது அப்படியா? போன வருஷம் காசிமேட்டில் ஒரு கல்யாணப் பேச்சுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை நம்ம லைன் பையன். பெண்ணின் அக்கா எழுந்து எல்லார் எதிரிலும் கேட்டாள்: "போட்டுகினு வண்டி ஓட்டுவாரா? அத்த சொல்லுங்க மொதல்ல." கவனித்தீர்களா? குடிப்பாரா என்று கேட்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவாரா என்று கேட்டாள். எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கப் பெண் வீட்டில் ஒருத்திக்கும் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் வாயைத் திறக்க விட்டிருக்க மாட்டோம். மாப்பிள்ளையின் அம்மா தலையைக் குனிந்துகொண்டு காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்காரர்களும் மாறிவிட்டார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன்னால், உங்க டிரைவர் ஊதிட்டுத்தான் ஏறுவாரா என்று கேட்கிறார்கள். நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நடக்கிறவன். உடனே ஊதுகிற மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன். வாயை வைத்து ஊதினால், போடாதவனுக்குப் பச்சை, போட்டவனுக்குச் சிவப்பு. இந்த வட்டாரத்தில் சொந்த யார்டில் மெஷின் வைத்த முதல் ஆள் நான்தான். இல்லை என்று இரண்டு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் பேச்சை நம்பாதீர்கள்.

மெஷின் வந்து இறங்கிய நாள் ஆயுத பூஜை.

நான் வேதக்காரன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனால் ஆயுத பூஜை அன்றைக்கு யார்டில் பூசணிக்காய் உடைக்காவிட்டால் ஒரு டிரைவரும் மறுநாள் வண்டியைத் தொட மாட்டான். அதனால் பங்குச் சாமியாரை விட்டு வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிப்பேன், ஐயரை விட்டு ஆரத்தியும் காட்டுவேன். இரண்டு பக்கமும் பாதுகாப்பு. அந்த வருஷம் ஸ்பானர், ஜாக்கி, சங்கிலி எல்லாவற்றுக்கும் நடுவில் புது மெஷினை வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, சின்னதாக ஒரு மல்லிப்பூ மாலையும் போட்டோம். எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். கும்பிட்டு முடித்துவிட்டு, வருஷா வருஷம் செய்கிறபடி, டிரைவர்களுக்கு நான் பாட்டில் பெட்டியைத் திறந்தேன்.

சிரிக்காதீர்கள். அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மெஷின் காலையில் வேலை செய்யும், பாட்டில் ராத்திரி வேலை செய்யும், இதுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம் என்று இருந்தோம்.

அந்த விருந்துக்கு வராதவன் ஒருத்தன்தான். கௌதமன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு. அவன் வீட்டில் புத்தர் படம்தான் மாட்டியிருக்கும். போதை தொடுவதில்லை என்று சின்ன வயசிலேயே உறுதிமொழி எடுத்தவன், எடுத்ததைக் காப்பாற்றுகிறவன். எங்கள் பசங்கள் அவனைப் 'பன்னீர் சோடா' என்று கூப்பிடுவார்கள். பேர் வைத்தது நான்தான். ஹார்பர் க்யூவில் ஆறு மணி நேரம் நிற்க ஒரு கட்டிங்காவது வேண்டும், இவன் தாங்க மாட்டான் என்று முடிவு கட்டி, லோடு ஏற்றிய கண்டெய்னரை அவனிடம் கொடுக்கவே மாட்டேன். காலிப் பெட்டிதான் அவனுக்கு. இரண்டு வருஷம் காலிப் பெட்டியே ஓட்டினான்.

மறுநாள் காலை எட்டு மணி. யார்டில் ஒரே ஒரு லோடு கண்டெய்னர் புறப்பட நிற்கிறது. மாத்தூர் பானுமதி மேடத்துடையது. அந்தம்மா அங்கே ஷெட் போட்டு முப்பது பெண்களை வைத்து வெல்டிங்காரர்கள் போடுகிற கையுறை தைக்கிறார். வெளிநாட்டுக்குப் போகிற அவருடைய முதல் பெட்டி அதுதான். மதியம் ஒரு மணிக்குள் ஹார்பர் கேட்டுக்குள் போகாவிட்டால் அந்தக் கப்பலில் ஏறாது. தன் பெட்டி புறப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஸ்கூட்டரில் வந்து, பின்பக்கச் சுவரோரம் நிழலில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார்.

விஜயதசமி லீவு. பாதி டிரைவர்கள் ஊருக்குப் போயாச்சு. வந்தது ஐந்து பேர். முதல் ஆள் தாஸ். என் யார்டின் சிங்கம். இருபது வருஷமாக இந்த ரோட்டில் அவன் மேல் ஒரு கீறல் கிடையாது.

"ஊது தாஸு, புது மெஷினு, மொத போணி நீதான்" என்றேன்.

ஊதினான். சிவப்பு.

"மெஷின்ல கோளாறு நைனா. நேத்து ஐயரு குங்குமத்த அப்பிட்டாரு பாரு, உள்ள பூந்துகீது."

துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னேன். சிவப்பு. அடுத்தவன், சிவப்பு. அதற்கடுத்தவன், சிவப்பு. ஐந்து பேரும் ஊதி முடித்தபோது என் யார்டு கேட்டில் ட்ராபிக் சிக்னலே நட்டமாதிரி இருந்தது, பச்சை மட்டும் இல்லை.

தாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்து போட்டது நேத்தோட போச்சு. காத்தால பழைய சோறு துன்னேன், ரெண்டு சொம்பு மோர் குட்ச்சேன், தலைக்கு ஊத்திகினு வந்துகீறேன். எங்கைய பாரு நைனா, ஆடுதா?"

கையை நீட்டினான். ஆடவில்லை. கல்லு மாதிரி நின்றது.

"குட்ரா இங்க" என்று மெஷினை வாங்கினேன். அது பொய் சொல்கிறது என்று எல்லாருக்கும் காட்டிவிடலாம் என்று நானே மூச்சை இழுத்து ஊதினேன். சிவப்பு எரிந்தது. அது போதாதென்று கீ கீ என்று கத்தவும் ஆரம்பித்தது. பிறகு எவனோ ஒருத்தன் பின்னாலிருந்து, "ஓனருக்கு மட்டும் சவுண்டோட வருது டோய்" என்றான். எனக்கு முகம் சுட்டது.

பானு மேடம் எழுந்து வந்தார். "ஐயா, மணி எட்டரை ஆகுது. இந்தக் கப்பல விட்டா அடுத்தது ஒரு வாரம். வாங்குறவரு அதுவரைக்கும் காத்திருக்க மாட்டேன்னு எழுதியே அனுப்பிட்டாரு. முப்பது பேரு ஆறு வாரம் தச்சது உள்ள இருக்கு. வண்டி போகுமா போகாதா?"

தம்பிகளே, இங்கே கவனியுங்கள். எனக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு கடிகாரம், ஒரு பெண்ணின் முகம். மூன்றில் நான் எதை நம்பினேன் தெரியுமா? எதையும் நம்பவில்லை. என்னைத்தான் நம்பினேன். நாற்பது வருஷம் ஓட்டினவனுக்குத் தெரியாததா இந்த டப்பாவுக்குத் தெரியும் என்று மெஷினை மாலையோடு மேஜை டிராயரில் போட்டு மூடினேன். சாவியைத் தாஸ் பக்கம் வீசினேன்.

"எட்றா வண்டிய."

"இவரு ஓட்டலாமா ஐயா?" என்று பானு மேடம் கேட்டார்.

"தாஸு தூங்கினு ஓட்டுனாகூட முழிச்சினு ஓட்றவன் தோத்துடுவாம்மா. நீங்க போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தார்.

வண்டியை யார்டிலிருந்து வெளியே எடுக்க முதலில் பின்னால் தள்ளி, பிறகு கேட் பக்கம் திருப்ப வேண்டும். தாஸ் ஏறினான். நானே பின்னால் நின்று பெட்டியைத் தட்டித் தட்டி ரைட் கொடுத்தேன். "வா வா வா... ரைட்ல ஒட்சிக்கோ... வா வா..." என்ன சுகமாக வந்தது தெரியுமா வண்டி! வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. அடடா, மெஷினாம் மெஷின் என்று நான் மனசுக்குள் சிரித்தேன். "வா வா... போதும், ஹோல்டான்!"

வண்டி நின்றது. தாஸ் தலையை நீட்டி, "எப்டி நைனா!" என்றான். நான் கட்டை விரலைக் காட்டினேன்.

கேட் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல்கூட இல்லை, யாரோ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி. திரும்பினேன். பானு மேடம் காதில் போனோடு நின்றுகொண்டிருந்தார். வண்டிச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எழுந்து கேட்டுக்கு நடந்திருக்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை நானும் பார்த்தேன்.

அவருடைய சேர் கடைசி டயருக்கு அடியில் அப்பளமாக இருந்தது. சேரில் வைத்திருந்த பை நசுங்கி, டப்பாவிலிருந்து தயிர் சாதம் டயரைச் சுற்றி வழிந்திருந்தது.

"நான் அதுலதானே உக்காந்துனு இருந்தேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

தாஸ் இறங்கி ஓடி வந்தான். குனிந்து பார்த்தான். எழுந்தபோது அவன் முகம் கறுத்திருந்தது. "நைனா, நான் கண்ணாடில பாத்துகினுதான் வந்தேன். சேரே இல்லியே நைனா."

"நான் பின்னாலயே நின்னேன்டா" என்றேன். "எனக்கும் தெரியல."

இரண்டு பேர். இருபது வருஷமும் நாற்பது வருஷமும் சேர்ந்து அறுபது வருஷ அனுபவம். பட்டப்பகலில், கை எட்டும் தூரத்தில் இருந்த ஒரு சிவப்பு சேர் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. கை ஆடவில்லை. கால் தள்ளாடவில்லை. நாக்கு குழறவில்லை. கண் மட்டும் நம்மிடம் சொல்லாமலேயே பாதிக் கடையைச் சாத்திவிட்டது. அதைத்தான் அந்த டப்பா கீ கீ என்று கத்திச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு டிரைவர் முன்னால் வந்து, "சேருதானே நைனா, விடு. நான் எடுக்கிறேன், சாவியக் குடு" என்றான். நிஜமாகவே சொன்னான். எனக்கும் ஒரு விநாடி தாஸ் கையிலிருந்த சாவிக்குக் கை போனது. பழக்கம் அப்படி.

பானு மேடம் குறுக்கே வந்து நின்றார். "பெட்டி போவணும். ஆனா இந்த அஞ்சு பேர்ல யாரும் வேணாம். நீங்களும் வேணாம் ஐயா. வெளிய இதே மாதிரி யாராச்சும் நின்னுகினு இருப்பாங்க, அவங்களுக்கு போன் வராது."

மணி ஒன்பது. நான் போனை எடுத்தேன்.

"சோடா, எங்க கீற?"

"எம்பேரு கௌதமன் நைனா."

"சரிப்பா, கௌதமா, எங்கப்பா கீற?"

"வூட்ல. சாயங்காலம்தான டூட்டி போட்டுகீற எனக்கு?"

"இப்ப வர்றியா? ஒரு மணி கட்-ஆப்பு. லோடு பெட்டி."

"லோடா? எனக்கா? நெசமாவா?"

"மாதா மேல சத்தியமா. ஓடியா!"

பைக்கில் முப்பத்தைந்து நிமிஷத்தில் வந்து நின்றான். நான் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "மெஷின எடு நைனா" என்றான்.

"ஒனக்கு எதுக்குடா? ஒன்னத்தான் ஊருக்கே தெரியுமே."

"ஊருக்கு தெரியும். மெஷினுக்கு தெரியணும்ல. ரூலுன்னா எனக்கும்தான்."

டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஊதினான். பச்சை! தம்பிகளே, அந்தப் பச்சையை முதல் முதலாகப் பார்த்தபோது நான் கை தட்டிவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. ஐந்து சிவப்புக்காரர்களும் சேர்ந்து தட்டினார்கள். ஒருத்தனும் சோடா என்று சொல்லவில்லை.

இங்கே நான் பட்ட அவஸ்தையைச் சொல்ல வேண்டும். மணி ஓடுகிறது, அவன் அவசரப்படவே இல்லை. பெட்டியின் நாலு லாக்கையும் ஆட்டிப் பார்த்தான். சீல் பார்த்தான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். எல்லாரையும் தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் நிற்க வைத்தான். "போடா போடா போடா" என்று நான் குதித்தேன். அவன் சிரித்துவிட்டு, "லோடோட க்யூல நின்னதில்ல நைனா, நீதான் வுடலியே. எந்த லைன்ல பூரணும், எங்க ஒதுங்கணும்னு தாஸண்ணனுக்குத்தான் தெரியும். அவரு பக்கத்துல உக்காரட்டும். வாய் மட்டும் போதும்" என்றான்.

சிங்கம் என்ன செய்யும் என்று பார்த்தேன். சிங்கம் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தது.

பேப்பர் ஃபைல் என் கையில். எனக்கு வண்டி ஓட்ட யோக்கியதை இல்லை, மெஷினே சொல்லிவிட்டது. பானு மேடம் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, "ஏறுங்க" என்றார். பதினாலு ட்ரெய்லர் ஓனர், ஒரு பெண்பிள்ளையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஃபைலை மார்போடு கட்டிக்கொண்டு, எக்ஸ்பிரஸ் ரோட்டில் போனேன். இடது பக்கம் கடல், வலது பக்கம் ட்ரெய்லர் வரிசை. வரிசையில் நின்றவனெல்லாம் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தான். "இன்னா நைனா, வண்டி மாத்திட்டியா?" என்று ஒருத்தன் கத்தினான். "மைலேஜ் அதிகம்டா!" என்று நானும் கத்தினேன். வெட்கப்பட நேரம் ஏது?

திருவொற்றியூர் தாண்டும்போது மணி பதினொன்று. வரிசை நகர்ந்து நகர்ந்து நிற்கிறது. ஸ்கூட்டர் கௌதமன் வண்டிக்குப் பக்கத்திலேயே ஊர்கிறது. வேறு ட்ரான்ஸ்போர்ட் டிரைவர் ஒருத்தன், கௌதமனைத் தெரிந்தவன், பக்கத்து வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தான். "அடேய் பன்னீர் சோடா! லோடு பெட்டியா! புடி, ஒரு கட்டிங் போட்டு கொண்டாடு" என்று டம்ளரை நீட்டினான்.

பதில் சொன்னது தாஸ். "கம்முனு போடா. அவன் ஊதிட்டு வந்துகீறான். நீ ஊதுவியா?"

அந்த டிரைவர் டம்ளரை உள்ளே இழுத்துக்கொண்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ ஊதுவியா?" என்று நம்ம லைனில் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் கேட்டதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கேட்டேன். கேட்டவன் யார்? தாஸ்!

பன்னிரண்டு மணிக்குக் காசிமேட்டுப் பக்கம் வரிசை அப்படியே உறைந்துவிட்டது. முன்னால் ஒரு ட்ரெய்லர் பழுதாகிக் குறுக்கே நிற்கிறதாம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பானு மேடம் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசம்.

ஸ்கூட்டரிலிருந்து குதித்தேன். இங்கேதான் நான் யார் என்று காட்டினேன்! வரிசையோடு நடந்துகொண்டே கதவைத் தட்டி ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லி இறக்கினேன். "இறங்குடா, இறங்கு, நைனா சொல்றேன் இறங்கு!" எவன் வண்டியில் நல்ல சங்கிலி இருக்கிறது, எவன் வண்டிக்கு இழுக்கிற தெம்பு இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். சங்கிலி ஒருத்தனிடம், வண்டி ஒருத்தனிடம், எதிர் வரிசையை நிறுத்திப் பிடிக்க நாலு பேர். பழுதான வண்டியின் டிரைவர், "நீயே ஏறி ஸ்டியரிங் புடி நைனா" என்றான். கை துடித்தது, ஒத்துக்கொள்கிறேன். "நான் இன்னிக்கு சிவப்புப்பா. நீயே புடி" என்றேன். அவன் புரியாமல் விழித்தான். தொண்டையை மட்டும் வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிஷத்தில் அந்த வண்டியை ஓரம் கட்ட வைத்தேன். ஒரு சாவியைத் தொடவில்லை!

வரிசை நகர்ந்தது. ஹார்பர் கேட் தெரிந்தபோது மணி ஒன்றாகப் பன்னிரண்டு நிமிஷம். எங்களுக்கு முன்னால் மூன்று வண்டி. இரண்டு. ஒன்று. கௌதமன் ஃபைலை வாங்கி நீட்டினான். உள்ளே இருந்தவர் பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எனக்கு அவர் கையைப் பிடித்து நானே முத்திரை குத்த வேண்டும் போல இருந்தது. குத்தினார். வண்டி உள்ளே போனது. ஒன்றாக நாலு நிமிஷம்!

நான் ரோட்டிலேயே ஆடினேன். அறுபத்தெட்டு வயசில், மத்தியான வெயிலில், கேட்டுக்கு எதிரில். பானு மேடம் மாத்தூருக்கு போன் போட்டு, "ஏறிடுச்சுடி, நம்ம பெட்டி ஏறிடுச்சு!" என்று கத்த, போனுக்கு உள்ளே முப்பது பெண்களும் கத்திய கத்தல் எனக்கே கேட்டது.

கத்தி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரொம்ப நன்றி ஐயா. ஆனா அடுத்த பெட்டி உங்களுக்கு இல்ல."

"இன்னாம்மா இது? சேத்துட்டோமே!"

"சேத்தது கௌதமன். காலைல அந்த சாவிய தூக்கிப் போட்டது நீங்க. ஆறு மாசம் பாக்குறேன். அப்புறம் யோசிக்கிறேன்."

என்னிடம் இப்படிப் பேசிவிட்டு ராயபுரத்தில் ஒருத்தரும் திரும்பிப் போனதில்லை. அந்தம்மா போனார். நான் பஸ் பிடித்து யார்டுக்கு வந்தேன்.

வந்ததும் மூன்று காரியம் செய்தேன். கௌதமன் பேரை லோடு வண்டிப் பட்டியலில் எழுதினேன். அடுத்த பூஜையிலிருந்து பாட்டில் கிடையாது, குடும்பத்தோடு வந்து பிரியாணி சாப்பிடுங்கள் என்று சொன்னேன். மூன்றாவதுதான் முக்கியம், காதைக் கொடுத்துக் கேளுங்கள்: முதல் நாள் போட்டவன் மறுநாள் காலையில் ஒரு போன் செய்தால் போதும், அன்றைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன். திட்டு கிடையாது, வேலை போகாது, யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்லாமல் வந்து கேட்டில் சிவப்பு காட்டினால் சாவியும் கிடையாது, திட்டும் உண்டு.

டிரைவர்கள் நம்பவில்லை. மாதக்கணக்கில் அப்படி ஒரு போன்கூட வரவில்லை. எவன் முதலாளிக்கு போன் பண்ணி நேத்து போட்டேன் என்று சொல்வான்? எங்கள் தலைமுறையில் அது அப்பனிடம் சொல்லக்கூடாததைச் சொல்கிற மாதிரி. வயிற்று வலி, மாமியாருக்கு முடியவில்லை, பைக் பஞ்சர், இப்படித்தான் வரும்.

ஆறு மாசம் முடிந்து ஒரு வாரத்தில் பானு மேடம் போன் செய்தார். ஒரு பெட்டி அனுப்புகிறேன், பார்க்கலாம் என்றார். நான் துள்ளிக் குதித்து அந்தப் பெட்டிக்குத் தாஸைப் போட்டேன். சிங்கம் இழந்த பேரைச் சிங்கமே மீட்கட்டும் என்று. தாஸுக்கும் அவ்வளவு சந்தோஷம், இரண்டு நாள் முன்னாலேயே வண்டியைக் கழுவி வைத்துவிட்டான்.

அன்று காலை ஆறு மணி. தட்டில் இட்லி. போன் அடித்தது.

"நைனா, தாஸு பேசறேன். நேத்து மச்சான் கல்யாணம். போட்டேன்."

இட்லி கையிலேயே நின்றது. நாற்பது வருஷத்தில் ஒரு டிரைவர் வாயிலிருந்தும் இந்த வார்த்தையை நான் காலையில் கேட்டதில்லை. எழுந்து நின்று, "அடியே, தாஸு போன் பண்ணி போட்டேன்னு சொல்றான்டி!" என்று சமையலறைப் பக்கம் கத்தினேன். "அவன் என்னிக்கு போடாம இருந்தான், அதுக்கு ஏன் இந்தக் கூத்து?" என்றாள் என் வீட்டுக்காரி.

"எவ்ளோ போட்ட தாஸு?" என்று கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு ஒனக்கு? இன்னிக்கு பானு மேடம் பெட்டி நைனா. நான் தொட மாட்டேன். கௌதமன எழுப்பிட்டேன், கெளம்பிட்டான். நீ சாவிய எடுத்து வெளிய வையி."